மாப்பிள்ளைக் குருவி வந்த வருஷம்

பட்டிப் பொங்கல் முடிந்து, மாட்டுக் கொம்புகளில் அடித்த சாயம் இன்னும் மங்காமல் இருந்த ஒரு காலையில், சாத்தங்காட்டுவலசில் முப்பத்தைந்து வயது தாண்டியும் கல்யாணம் ஆகாத ஆண்பிள்ளைகள் இருந்த வீடுகளில் மட்டும், ஆளுக்கு ஒன்றாக, கருநீலப் பறவைகள் வந்து இறங்கின. மாடப்புறா அளவு இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காக்கை என்றுதான் தோன்றும். வெயில் பட்டுத் திரும்பும்போது உடம்பெல்லாம் ஒரு நீலம் ஓடி மறையும், கண் மட்டும் கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும். வந்தவை தானியம் தேடவில்லை, மரத்தில் போய் உட்காரவில்லை. வாசலை ஒரு சுற்று நடந்து பார்த்து, பிடித்த மூலையில் நின்று, அங்கே கிடந்த சருகு, கல், கோழி எச்சம் எல்லாவற்றையும் அலகால் எடுத்து அப்பால் போட்டுச் சுத்தம் செய்ய ஆரம்பித்தன.

யாரும் பெரிதாக மலைத்துப் போகவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் மயில்கள் வந்து சோளத்தைத் தின்றன, அப்புறம் காட்டுப்பன்றி வந்து கடலையைத் தோண்டியது, இப்போது இது என்று எடுத்துக்கொண்டார்கள். பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்துவிட்டு விரல் மடக்கிப் பார்த்ததில், கல்யாணம் ஆகாதவர்கள் முப்பத்தொரு பேர், பறவையும் முப்பத்தொன்று என்று கணக்கு நேராக வந்தது. ஆனால் அந்த முப்பத்தொரு பேரும் ஊர் நினைத்த முப்பத்தொரு பேர் அல்ல. ஜாதகத்தில் முப்பத்திரண்டு என்று எழுதி வைத்திருந்த தறிக்காரர் மகன் சிவராசு வீட்டில் ஒன்று இறங்கி அவன் வயதைச் சொல்லிவிட்டது. தெற்காலத் தோட்டத்து நல்லசாமிக்கு நாற்பது ஆகியும் பறவை வரவில்லை. அவன் அம்மா வாசலில் கம்பைத் தூவி வைத்துக் காத்திருந்து, என் மகன் மட்டும் என்ன பாவம் செய்தான் என்று அழுததைப் பார்க்கப் பொறுக்காமல், திருப்பூரில் தன்னோடு வேலை செய்யும் பெண்ணை எப்போதோ ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதை அவன் ஒப்புக்கொண்டான்.

“குருவிக்குத் தெரிஞ்சது பெத்தவளுக்குத் தெரியல பாரு,” என்று சொசைட்டியில் சிரித்தார்கள். அன்றைக்கே அதற்கு மாப்பிள்ளைக் குருவி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

சென்னியப்பனுக்கு நாற்பத்தொன்று. அவன் தோட்டத்துக்கு வந்த குருவி கட்டுத்தறிக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இருந்த மூலையைப் பிடித்துக்கொண்டது. எருமைக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டே அவன் அதைப் பார்த்தான். கிளுவை வேலியிலிருந்து ஒல்லிக் குச்சிகளையும், மேய்ச்சலுக்கு விட்ட கொரங்காட்டிலிருந்து காய்ந்த கொழுக்கட்டைப் புல்லையும் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து, தரையில் செங்குத்தாக ஊன்றி, முழங்கால் உயரத்துக்கு இரண்டு சுவர்களை எதிரெதிராக எழுப்பியது. சுவர்களின் தலைகள் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தன. மேலே கூரை இல்லை, முன்னும் பின்னும் அடைப்பில்லை. வடக்கே நுழைந்தால் தெற்கே வெளியே போய்விடலாம். ஒரு குச்சி சாய்ந்து நின்றால் அதைப் பிடுங்கி மறுபடியும் ஊன்றியது. அப்படியும் சரிப்படவில்லை என்றால் அந்தச் சுவரையே பிரித்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் வலித்தது.

ஏனென்றால் அவனும் அப்படித்தான் கட்டியிருந்தான். முதல் முதலில் வந்த பெண் வீட்டார் ஓட்டு வீடாக இருக்கிறதே என்றார்கள், ஓட்டைப் பிரித்துத் தார்சுக் கூரை போட்டான். அடுத்து வந்தவர்கள் பாத்ரூம் வெளியே இருக்கிறதே என்றார்கள், உள்ளே ஒன்று கட்டினான். அதற்கடுத்து வந்தவர்கள் கார் வந்து திரும்ப இடம் இல்லையே என்றார்கள், முருங்கையை வெட்டிவிட்டு வாசலை அகலப்படுத்தினான். மாடி இல்லையே என்றார்கள், மாடி எடுத்தான். மாடிக்கு இந்த நிறமா என்றார்கள், நிறத்தை மாற்றினான். எல்லாம் முடிந்த பிறகு வந்தவர்கள், இவ்வளவு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்க எங்கள் பெண்ணால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாடிக்கு அவன் ஏறுவதே இல்லை. ராத்திரியில் மோட்டார் ரூமில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வான். எருமை கன்று போட்டால் சத்தம் கேட்கும் என்பது அவன் சொல்லும் காரணம்.

வருகிறவர்களுக்கெல்லாம் கேசரி கிளறியே அவன் அம்மா நாச்சாளின் வலது தோள் இறங்கிப் போயிருந்தது. தட்டைப் பார்த்தே அவளால் சொல்லிவிட முடியும். “கேசரிய மிச்சம் வெச்சா வேண்டாம்னு அர்த்தம். வழிச்சுத் தின்னாலும் வேண்டாம்னுதான் அர்த்தம், போற வழியில பசிக்குமேன்னு திங்கறாங்க,” என்பாள்.

சுவர் எழும்பியதும் குருவிகள் நீலம் தேடிப் புறப்பட்டன. வேறு எந்த நிறமும் அவற்றுக்கு ஆகவில்லை. பேனா மூடி, தண்ணீர் பாட்டில் மூடி, துணிக்கு மாட்டும் கிளிப், உடைந்த வளையல், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரிப்பன், பனங்காடையின் இறகு, வேலியில் பூத்த சங்குப்பூ என்று கண்ணில் பட்ட நீலத்தையெல்லாம் கொண்டு வந்து சுவர்களுக்கு முன்னால் பரப்பின. ஒரு குருவி அந்தப்பக்கம் போனதும் இன்னொரு வீட்டுக் குருவி வந்து, நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் சுவரையும் இடித்துத் தள்ளிவிட்டுப் போயிற்று. நீலச் சாமான் காணாமல் போனால் ஊரில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டு வாசலில் கிடக்கிறது என்று பார்த்து, அந்தப் பையனுக்கு நம்மால் ஆன மொய் என்று விட்டுவிட்டார்கள். கடைக்காரர்கள் நீல மூடி போட்ட பாட்டிலாகக் கேட்டு வாங்கி வைத்தார்கள். மஞ்சள் மூடியும் சிவப்பு மூடியும் விலை போகவில்லை. நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளைகள், வெள்ளக்கோயில் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் ரோட்டோரம் வண்டியை நிறுத்திக் குனிந்து எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது வழக்கமாகிப் போனது.

சென்னியப்பனின் குருவி பரப்பியதில் ஓர் ஒழுங்கு இருந்தது. சின்னது சுவருக்குப் பக்கத்தில், பெரியது தள்ளி, அதைவிடப் பெரியது இன்னும் தள்ளி. உள்ளே நின்று பார்த்தால் வாசல் சின்னதாகவும், வாசலில் ஆடுகிற குருவி பெரியதாகவும் தெரியும்படியான ஒழுங்கு அது என்று, ஒரு நாள் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தபோது அவனுக்குப் புரிந்தது. ஒரு மூடி அரை விரல் நகர்ந்தால்கூட அது வந்து சரி செய்தது. ஏதோ பழத்தை மென்று, எச்சிலோடு சேர்த்து, உள்சுவர் குச்சிகளுக்குக் கருப்பாகப் பூச்சும் அடித்தது. வேலை இல்லாத நேரத்தில் குரல் பழகியது. மோட்டார் ஸ்டார்ட்டர் விழுகிற சத்தம், மிக்ஸி ஓடுகிற சத்தம், நாச்சாள் எருமையை அதட்டுகிற சத்தம், மாசியில் வந்து போன ஒரு பெண் வீட்டார் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்ன “சொல்லியுடறோமுங்க” வரைக்கும் அதற்கு வந்தது.

“போதும்டா, மனுசங்க வாயில கேட்டதே போதும்,” என்று நாச்சாள் அதன் மேல் தண்ணீர் தெளித்தாள்.

தரகர் மயில்சாமிதான் குருவிகளை முதலில் தொழிலுக்குள் கொண்டு வந்தார். மொபெட்டில் ஒரு ரெக்சின் பையோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர். பூமி இவ்வளவு, கிணறு இத்தனை, போர் இத்தனை என்று சொல்லி முடித்ததும், “குருவி கெட்டிக்காரக் குருவிங்க, ஊடு ரெண்டு பக்கமும் நூல் புடிச்சாட்டம் இருக்குது,” என்று ஒரு வரியைச் சேர்த்தார். பெண் வீட்டாரும் வந்து இறங்கியதும் நேராக அதைத்தான் பார்த்தார்கள். முதலில் குருவி, அப்புறம் கிணறு, அப்புறம் மாடி, கடைசியில் மாப்பிள்ளை என்று முறையும் ஏற்பட்டுவிட்டது. அந்த ஊர்களில் பெண்ணை அழைத்து வருகிற வழக்கம் இல்லை. வேனில் பெரியப்பா, மாமன், அத்தை, அத்தையின் தம்பி என்று வருவார்கள், பெண் மட்டும் வீட்டில் இருக்கும்.

முட்டைப் பேச்சை ஆரம்பித்தவர் முத்தூர்ப் பக்கத்து ஒரு மாமன். சிவராசு வீட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, குச்சிச் சுவர்களுக்கு நடுவில் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஊடு நல்லாத்தான் இருக்குது. குடியிருக்கோணுமல்ல? முட்டை வெக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்.”

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பெண் வருவதற்காக வீட்டைக் கட்டுவதும், கட்டிய வீட்டுக்குள் பெண் வந்து குடும்பம் நடத்துவதும் தவிர வேறு எதையும் அவர்கள் கண்டதில்லை. குச்சி நட்டு, பூச்சு அடித்து, வாசலில் சாமான் பரப்பி வைத்தால் அது வீடு, வீடென்றால் அதற்குள்தான் முட்டை என்று ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, பங்குனி பிறப்பதற்குள் முட்டை வைக்காத வீட்டுக்குப் பெண் இல்லை என்பது சுற்று வட்டாரத்தின் பேச்சாகிவிட்டது.

பங்குனியில் பெட்டைகள் வந்தன. பாசி பிடித்த கல்லின் நிறம். நீலத்தின் சாயல்கூட இல்லை. ஒவ்வொன்றும் தனியாக வந்தது. சென்னியப்பன் வீட்டுக்கு வந்தது, சுவர்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு, தலையை மட்டும் ஆட்டி ஆட்டிப் பார்த்தது. குருவி அலகில் ஒரு நீல மூடியைக் கவ்விக்கொண்டு, இறக்கையை விரித்து, மிக்ஸி சத்தம் போட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் ஓடியது. பெட்டை கொஞ்சம் மிரண்டதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பெட்டை ஒரு குச்சியைக் கொத்திப் பூச்சைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, பறந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. அங்கே பார்த்துவிட்டு அதற்கடுத்த தோட்டத்துக்குப் போனது. ஒரு சுற்று முடித்துத் திரும்பி இங்கேயே வந்தது.

“அதுக்கொரு மாமன் இல்ல, சித்தப்பன் இல்ல, வேன் இல்ல,” என்றாள் நாச்சாள், சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு. “தானா வந்து தானாப் பாக்குது பாரு. கேசரி கிண்டற வேல மிச்சம்.”

இரண்டும் சேர்ந்தது கண் மூடித் திறக்கிற நேரம்தான். பெட்டை சிறகை உதறிக்கொண்டு பறந்து போனது. அது போனதும் குருவி சாய்ந்த குச்சிகளை நிமிர்த்திவிட்டு, அடுத்த பெட்டைக்காக மூடிகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தது. ஊர் முட்டைக்காகக் காத்திருந்தது. காலையில் எழுந்ததும் அம்மாக்கள் முகம் கழுவுவதற்கு முன்பே போய் எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தொரு வீட்டில் ஒரு வீட்டிலும் முட்டை இல்லை. காத்திருப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் பெண்ணுக்குக் காத்திருந்தது போதாதென்று, பெண்ணுக்காக முட்டைக்கும் காத்திருக்க வேண்டியிருந்ததில், வெயில் ஏறுவதற்கு முன்பே ஆட்கள் களைத்துப் போனார்கள். சிவராசு பொறுக்க மாட்டாமல் காடை முட்டை வாங்கிக்கொண்டு வந்து, குருவிக்குப் பிடிக்கட்டும் என்று துணிக்குப் போடும் நீலத்தில் தோய்த்து உள்ளே வைத்தான். குருவி அதை எடுத்து வந்து, வாசலில், பெரிய மூடிக்கும் சின்ன மூடிக்கும் நடுவில், அளவு பார்த்து வைத்தது. பெண்ணின் அத்தை அதைக் கையில் எடுத்தாள், உள்ளங்கை நீலமானது, வேன் திரும்பிப் போனது.

சென்னியப்பனுக்குச் சித்திரையில் ஒரு இடம் வந்தது. நொய்யலுக்கு அந்தப் பக்கம். ஜாதகம் பொருந்தியது, பூமி பிடித்தது, மாடி பிடித்தது, மாடியின் நிறம்கூடப் பிடித்தது. மயில்சாமி மொபெட்டை ஸ்டாண்ட் போடாமலே, ஒரு காலை ஊன்றியபடி சொன்னார்.

“முட்டை மட்டுந்தான் மாப்ளே பாக்கி. வர்ற ஞாயித்துக்கெழமை வர்றாங்க. முட்டையப் பாத்தாங்கன்னா அன்னைக்கே பூ வெச்சுட்டுப் போயிருவாங்க.”

“முட்டைக்கு நான் எங்கீங்க போறது?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. இது போச்சுன்னா என்ற பையில உனக்கு வேற ஜாதகம் இல்ல. வேணும்னா பையக் கொட்டிப் பாத்துக்க.”

நாச்சாள் வாசற்படியில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மயில்சாமி போன பிறகு சொன்னாள்: “இந்தத் தடவையோட சரி, சாமி. இதும் தட்டிப் போச்சுன்னா இனி நான் ஆருக்கும் கேசரி கிண்டமாட்டேன். என்னால முடியல.” அவள் அழவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பதைப் போலத்தான் சொன்னாள். அதனால் அது அவனுக்கு அதிகமாக வலித்தது.

அந்த வாரம்தான் செவலைக் கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு வசந்தாமணியின் கொரங்காட்டுக்குள் போய்விட்டது. மேய்ச்சலுக்கென்றே புல் வளரவிட்ட அந்தக் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. நடுவில் வெள்வேல மரங்கள். வசந்தாமணி அவனோடு எட்டாவது வரைக்கும் படித்தவள். புருஷனை அத்துவிட்டுவிட்டு வந்து, அப்பன் விட்டுப்போன காட்டில் ஒரு சாளைக் குடிசையைப் போட்டுக்கொண்டு, செம்மறி வைத்துப் பிழைக்கிறவள். அவளுக்காக யாரும் வேனில் வந்ததில்லை. மயில்சாமியின் பைக்குள் அவளுடைய ஜாதகம் நுழைந்ததே இல்லை.

கிடாரியைப் பிடித்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, தலைக்கு மேலே வெள்வேலக் கவையில், மரத்தைப் பிடித்து வளர்ந்த புல்லுருவிக்கு நடுவில், பாசி நிறத்தில் ஒரு வால் தெரிந்தது.

“பாத்துட்டயா?” என்றாள் வசந்தாமணி, ஆட்டுக் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு. “ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்னு பாத்தேன்.”

“அதென்ன, கூடா?”

“பின்ன? நாலு குச்சியக் குறுக்க மறுக்கப் போட்டு, தட்டாட்டம் வெச்சிருக்குது. ஒரு நீலமும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. ரெண்டு முட்டை. ஒத்தையிலயே உக்காந்திருக்குது.”

“சேவல் வரலையா?”

“அது எதுக்கு வருது? உன்ற ஊட்டு வாசல்ல மூடி அடுக்கிட்டு இருக்கும்.” அவள் சிரித்தாள். “நீங்கெல்லாம் வாசல்ல உக்காந்துட்டு முட்டைக்குப் பாத்துட்டிருக்கறதக் கேட்டா எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு வேண்டாம். இந்தக் காட்டுக்குள்ள மட்டும் ஆறு கூடு இருக்குது.”

“ஏன், வந்து சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லி? ஆளாளுக்கு ஏணி எடுத்துட்டு வர்றதுக்கா?”

அவன் கிடாரியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, இரண்டாவது சோற்றுக்குக் கையை நீட்டும்போது அம்மாவிடம் கூட்டைப் பற்றிச் சொன்னான். நாச்சாள் கரண்டியைப் பிடித்த கையைக் கீழே இறக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டு வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “அடை காக்கறதா இருந்தா சூடா இருக்குமே,” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை வசந்தாமணி குட்டிகளை விற்கச் சந்தைக்குப் போயிருந்தாள். சென்னியப்பன் வேலியைத் தாண்டினான். முள்ளில் கையும் சட்டையும் கிழிந்தன. அவன் மரத்தில் ஏறிக் கவைக்கு எட்டும்போது பெட்டை பறந்து போகவில்லை. கழுத்தை நீட்டி, வல்லூறு கத்துகிற மாதிரி கத்தியது. நிஜமாகவே வல்லூறு வந்துவிட்டதோ என்று அவன் வானத்தைப் பார்த்தான், அடியில் இருந்த ஆடுகள் சிதறி ஓடின. அப்புறம் அது பூனை மாதிரி கத்தியது. தனக்குத் தெரிந்த பயங்கரங்களையெல்லாம் ஒன்று ஒன்றாகக் கத்திப் பார்த்துவிட்டு, அவன் கை கூட்டுக்குள் வந்ததும், ஒரு கிளை தள்ளிப்போய் உட்கார்ந்து பேசாமல் பார்த்தது. வெளிர் மஞ்சளில் பழுப்புக் கோடுகள் கிறுக்கிய இரண்டு முட்டை. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு என்று சொல்லிக்கொண்டு ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். அப்போதுதான் கறந்த பால் சொம்பு மாதிரி அது நெஞ்சில் வெதுவெதுவென்று இருந்தது. வீடு வரும் வரைக்கும் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே நடந்தான்.

நாச்சாளும் வந்து பக்கத்தில் நின்றாள். அவன் மண்டி போட்டு, சுவர்களுக்கு நடுவில், இரண்டு சருகுகளைப் போட்டு, அதன் மேல் முட்டையை வைத்துவிட்டுப் பின்னால் வந்தான். குருவி இறங்கியது. தன்னுடைய வாசலை ஒரு சுற்று பார்த்தது. உள்ளே போனது. முட்டைக்கு முன்னால் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது, மறு பக்கம் சாய்த்துப் பார்த்தது. அப்புறம் ஓங்கிக் கொத்தி, ஓடு உடைந்த இடத்தில் அலகை மாட்டித் தூக்கி, கல்லையும் கோழி எச்சத்தையும் எடுத்துப் போட்ட அதே பக்கமாகக் கொண்டுபோய்ப் போட்டது. உள்ளே கண் வைத்த குஞ்சு இருந்தது, இறகு முளைக்கவில்லை. குருவி திரும்பி வந்து, சருகுகளையும் எடுத்துப் போட்டுவிட்டு, கால் பட்டு நகர்ந்திருந்த ஒரு நீல மூடியை அதன் இடத்தில் வைத்தது.

நாச்சாள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். “அப்பன்தானடா அது?”

“ஆமாம்மா.”

“தெரியலயா அதுக்கு?”

“எப்படித் தெரியும்? அது அங்க போனதே இல்ல.”

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் கேசரிக்கு ரவை வறுக்கிற வாசனை வந்தது. அவன் மண்வெட்டியை எடுத்து, கிடந்ததை அள்ளி, தென்னைக்கு அடியில் குழி பறித்து மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. பெரியப்பா, மாமன், அத்தை, அத்தையின் தம்பி. மயில்சாமி எல்லோருக்கும் முன்னால் இறங்கி, சென்னியப்பனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மாமன் குனிந்து குச்சிகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்தார்.

“முட்டையக் காணமே?”

“வெச்சிருக்குமுங்க, சருகுக்கு அடியில,” என்று ஆரம்பித்தார் மயில்சாமி.

“வெக்காதுங்க,” என்றான் சென்னியப்பன். வந்தவர்களிடம் அவன் இத்தனை வருஷத்தில் கேட்டதற்கு மேல் பேசியதில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அத்தை திரும்பிப் பார்த்தாள். “எத்தன நாள் காத்திருந்தாலும் இதுல வெக்காது. இது ஊடு இல்லீங்க. பெட்டை வந்து பாத்துட்டுப் போறதுக்குக் கட்டறது, அவ்வளவுதான். இதுக்குள்ள குருவியே படுக்கறதில்ல. கூடு வேற பக்கம். அதப் பெட்டை தானாக் கட்டிக்குது, தானா அடை காக்குது. நேத்து ஒரு முட்டைய நான் எடுத்துட்டு வந்து இதுல வெச்சேன். இதுவே கொத்திப் போட்டுருச்சு.”

அத்தையின் தம்பி வாயில் போட்ட கேசரியை மெல்லாமல் வைத்திருந்தான். மாமன் மாடியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், குச்சிச் சுவர்களைப் பார்த்தார்.

“அப்ப எதுக்குத்தான் இது?”

“பாக்கறதுக்குங்க.”

மாமன் தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள், குச்சிகளுக்குப் பின்னாலிருந்து, செருப்பு மாட்டுகிற சத்தத்தோடு, “சொல்லியுடறோமுங்க,” என்றது குருவி.

அத்தைதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், நாச்சாள்கூட. சிரித்தபடியே வேனில் ஏறிப் போய்விட்டார்கள். மயில்சாமி மொபெட்டை உதைத்துக்கொண்டே, “வாய மூடிட்டு நின்னிருந்தா முடிஞ்சிருக்கும். சத்தியம் பேசி ஆரு கல்யாணம் பண்ணியிருக்கறா?” என்று சொல்லிவிட்டுப் போனார். சொசைட்டியில் அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இந்த வருஷம் மழை குறைவு, அதனால் முட்டை தள்ளிப் போகிறது என்றார்கள். ஆடி பிறப்பதற்குள் முட்டைப் பேச்சு தானாக ஓய்ந்து, நீலம் எத்தனை கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் பெண் கொடுக்கிற முறை வந்துவிட்டது.

ஆனால் அது அப்புறம். அந்த ஞாயிற்றுக்கிழமை, தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு நாச்சாள் பட்டப் பகலில் பாயை விரித்துப் படுத்தாள். எருமை கத்தியும் எழுந்திருக்கவில்லை. அவள் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு, சென்னியப்பன் எருமைக்குத் தண்ணீர் காட்டினான், இட்டேரி வழியாக நடந்து, வேலியைத் தாண்டாமல், படல் கதவைத் திறந்துகொண்டு கொரங்காட்டுக்குள் போனான்.

வசந்தாமணி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“ஒண்ணக் காணோம்,” என்றாள்.

“நான்தான் எடுத்தேன்.”

“தெரியும். முள்ளுல உன்ற சட்டைத் துணி தொங்குச்சு.”

“உன்ற கிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“என்ற கிட்ட எதுக்கு? நானா உக்காந்து அடை காத்தேன்?” அவள் அண்ணாந்தாள். “அது மறுபடியும் வந்து உக்காந்துக்கிச்சு. நீ போன பின்னாடியே வந்துருச்சாட்டம். இன்னைக்கு வெடியக்காலம் இன்னொண்ணு பொரிச்சிருச்சு.”

அவனும் அண்ணாந்து பார்த்தான். புல்லுருவி இலைகளுக்கு நடுவில், குறுக்கும் மறுக்குமாகப் போட்ட குச்சிகளுக்கு மேலே, ஒரு சிவந்த வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவனுக்கு என்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. நேற்று நடந்ததையும், காலையில் நடந்ததையும், அம்மா படுத்துக்கொண்டதையும் சொல்லிவிட்டு, அதற்கு மேலும் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்பதற்கு என்னென்ன தன்னிடம் இருக்கிறது என்று பழக்கத்தில் மனசு அடுக்க ஆரம்பித்தது: பூமி, கிணறு, போர், மாடி.

“வசந்தா, நான் ஒண்ணு...”

“பேசாத,” என்றாள். “ஆள் சத்தம் கேட்டா அது தீனியோட கிட்ட வராது. நிக்கறதுன்னா சித்த நேரம் சும்மா நில்லு.”

அவன் நின்றான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆடுகள் புல்லைக் கடிக்கும் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டை அலகில் ஒரு பச்சை வெட்டுக்கிளியோடு வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. கையைப் பார்த்தது, நிற்கிற இடத்தைப் பார்த்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு, நிமிர்ந்தும் நிற்காமல், முகத்தை ஒழுங்குபடுத்தவும் செய்யாமல், இருந்தபடியே இருந்தான். அவனை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அந்தப் பெட்டைக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அது கூட்டுக்குத் தாவி, குஞ்சின் வாய்க்குள் வெட்டுக்கிளியைத் திணித்துவிட்டு, அடுத்ததைப் பிடித்து வரப் பறந்து போனது.